நம்ம சாட்டை தானுங்க

சாந்தாமணி அந்த வீடியோவை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதன் கீழே தன் போன் நம்பரைப் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. அவள் சேர்ந்திருந்த காளை வளர்ப்பவர்கள் குழுவில் புதிதாக ஏதோ வந்திருப்பதாகப் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தால், நீல நூலும் வெள்ளை நூலும் போட்டுப் பின்னிய சாட்டைக் கைப்பிடி, அதைப் பிடித்திருக்கும் ஓர் ஆண் கை. அவ்வளவுதான் தெரிந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையை அடையாளம் காட்ட ஆள் வேண்டுமா என்ன? "நம்ம சாட்டை தானுங்க. கையிலயே பின்னுனது. வேணுங்கறவங்க கூப்பிடுங்க" என்று தட்டி, பத்து எண்ணையும் சேர்த்து, கும்பிடும் கை இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டுத்தான் கொள்ளை இறக்கி வைத்தாள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவள் வந்திருப்பது பந்தியா படையா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் முந்திக்கொண்டாள்.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கருமத்தம்பட்டியில் இருபது வருஷம் தறிக் குடோனில் குச்சியில் ஊடை நூல் சுற்றும் தார் வேலை பார்த்தவள். பிறந்த வீட்டில் ரேக்ளா வண்டிப் பந்தயக் காளை இருந்தது. அண்ணனின் அறுந்த சாட்டையை ஒரு தடவை குடோனில் மிஞ்சிய நூலை வைத்துப் பின்னிக் கொடுத்தாள். அது பழைய சாட்டையைவிட அழகாக அமைந்துவிட்டது. அடுத்த ஊர்க்காரர் கேட்டார், அவருக்கு அடுத்தவர் கேட்டார். இரண்டு வருஷத்தில் தார் சுற்றும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் சாட்டை பின்ன ஆரம்பித்தாள். உள்ளே பருத்திக் கயிறு, மேலே தோல் வார் நாலு பிரி, கைப்பிடிக்குப் பிரம்பு, அதன்மேல் கேட்ட நிறத்தில் நூல். மாட்டின் மேல் படவே வேண்டாம், காற்றில் சொடுக்கினால் வெடி வெடித்த மாதிரி சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கே காளை பறக்கும். நுனியில் போடும் முடிச்சில்தான் சத்தம் இருக்கிறது. சாந்தாமணி எல்லோருக்கும் இரண்டு முடிச்சுதான் போடுவாள்.

விற்பதெல்லாம் போனில். முப்பத்தொரு குழுவில் இருந்தாள். காளை பற்றிய குழுக்கள் ஆறு. மீதியெல்லாம் மாடித் தோட்டம், சேலை, சிங்காநல்லூர்ப் பக்கத்து வாடகை வீடு, சமையல், கைவேலைப் பெண்கள் என்று கலவையாக இருக்கும். சாட்டை யாருக்கு வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பதிவை எழுதி, முப்பத்தொரு இடத்திலும் ஒட்டிவிட்டு வர அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். ஒருமுறை எவனோ ஒருத்தன் அவள் சாட்டையின் படத்தை எடுத்துத் தன்னுடையது என்று போட்டு, அவளுக்கு வர வேண்டிய ஆர்டரையெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டாள். எங்கே தன் சாட்டையைப் பார்த்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் அது தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும்.

காளைக் குழுக்களிலேயே பெரியது இருபத்திரண்டாயிரம் பேர் உள்ளது. அதை நடத்துபவன் ரவிதேஜா. சூலூர்ப் பக்கம் மில் வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரே பையன், முப்பத்திரண்டு வயது, புல்லட் என்று பெயர் வைத்து ஒரு காளை வளர்க்கிறான். பொம்பளை வந்து நம் குழுவில் வியாபாரம் பண்ணுவதா என்று நாலு பேர் முறுக்கிக்கொண்டபோது, அக்கா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பதிவு போடட்டும், யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான். சாந்தாமணி அந்த நன்றியை மறக்கவில்லை. போன மாதம் அவன் சாட்டை கேட்டபோது நீலமும் வெள்ளையும் போட்டு, அவன் பிடிவாதமாகக் கேட்ட மாதிரியே நுனியில் ஐந்து முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். ஐந்து வேண்டாங்க, பட்டால் தோல் கிழியும் என்று சொல்லித்தான் பார்த்தாள். சத்தம் நல்லா வரட்டுமுங்க அக்கா என்று சிரித்தான். சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புல்லட்டின் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்றையும் அவளுக்கு அனுப்பியிருந்தான், குழுவில் போட்டுக்கொள்ளுங்க என்று. அடுத்த வெள்ளிக்குப் போடலாம் என்று அவள் வைத்திருந்தாள்.

கொள்ளை இறக்கிய பிறகு வீடியோவை ஓட்டினாள். நாற்பத்தொன்பது நொடி.

தென்னந்தோப்பு. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி ஓர் ஆளைக் கட்டியிருக்கிறார்கள். தலையில் சாக்கு. சட்டை இல்லை. அடிப்பவன் முகத்தில் துண்டு. முதல் அடியில் சத்தம் வெடித்தது, அவள் பின்னிய சத்தம். முதுகில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் சிவந்து, ஒழுக ஆரம்பித்தது. இரண்டாவது அடி குறுக்கே விழுந்தது. அந்த ஆள் கத்தவில்லை, மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டான். ஏழாவதிலோ எட்டாவதிலோ கத்தினான். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. கடைசியில் சாக்கைப் பிடுங்கி, தலைமுடியைப் பிடித்து முகத்தைப் போனுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கீழே எழுதியிருந்தது: காளைக்கு லாடம் அடிக்கத் தெரியாமல் நொண்டியாக்கினவனுக்கு இதுதான் கதி.

சாட்டை மேலே போனபோது நுனியை அவள் பார்த்தாள். ஐந்து முடிச்சு.

உடனே, தான் போட்டதை அழித்தாள். என்ன பிரயோஜனம்? இருபத்திரண்டாயிரம் பேரில் இருநூறு பேராவது அதைப் படம் பிடித்து வேறு இடங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. அவள் நம்பர் வீடியோவோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான்.

அன்று மாலைக்குள் அறுபத்து மூன்று ஆர்டர் வந்தது. வீடியோவில் வந்த அதே மாடல் வேணுங்க என்றார்கள். அதே நிறம், அதே முடிச்சு. ஒருத்தன், ஆளை அடிக்கத் தனி அளவு இருக்குதுங்களா என்று கேட்டு, பக்கத்தில் சிரிக்கும் முகம் நாலு போட்டிருந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஆர்டர் வந்து விழும் சத்தம் கேட்கக் கேட்க முதல் அரைமணி நேரம் சாந்தாமணிக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு இருந்தது. இரண்டு வருஷம் கூவிக் கூவி விற்றும் ஒரே நாளில் இத்தனை வந்ததில்லை. அந்தக் குறுகுறுப்பை நினைத்து அப்புறம் அவளே தன்னைக் காறித் துப்பிக்கொண்டாள்.

வேலைக்குக் கிளம்பிய அங்கப்பனிடம் காட்டினாள். அங்கப்பன் அவள் வீட்டுக்காரர், விசைத்தறி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். வீடியோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். யாருக்குக் கொடுத்த சாட்டை என்று கேட்டார். சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல், நமக்கு எதுக்கு என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். இன்னொரு ஆர்டர் என்று நினைத்து எடுத்தாள்.

"அக்கா, அந்த வீடியோல அடி வாங்கறது என்ற ஊட்டுக்காரர் தானுங்க."

பெயர் ரம்ஷா என்றாள். அவள் கணவன் சிக்கந்தர் மாட்டுக்கு லாடம் கட்டுபவன். போன வாரம் பந்தயத்துக்காகப் பதினாலு காளைக்கு லாடம் கட்டியிருந்தான். ஏதோ ஒரு காளைக்கு ஆணி உள்ளே இறங்கிவிட்டதாம். யார் காளை என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டு, லாடம் கட்ட வேண்டும் என்று வரச் சொல்லி, பாதி வழியில் வண்டியில் தூக்கிப் போட்டுச் சாக்கை மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பெரியாஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருக்கிறான், மல்லாக்கப் படுக்க முதுகு இல்லை. ஒரு கண் பிழைக்குமா என்று தெரியவில்லை. போலீஸ் கேட்டால் பதினாலு பேரில் யாரை என்று சொல்வது? இதையெல்லாம் ரம்ஷா அழாமல்தான் சொன்னாள்.

"வீடியோக்குக் கீழ உங்க நம்பர் ஒண்ணுதானுங்க இருந்துச்சு. யாருக்கு வித்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

சாந்தாமணி சுவரைப் பார்த்தாள். சுவரில் முடிந்த சாட்டைகள் ஒன்பது தொங்கின.

"தெரியலீங்க அம்மணி. நெறையப் பேர் வாங்கறாங்க."

ரம்ஷா, சரிங்க அக்கா, ஞாபகம் வந்தா கூப்பிடுங்க என்று சொல்லி, எந்த மாடி எந்த வார்டு என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சாந்தாமணி அன்று முழுக்க ஒரு பிரிகூடப் பின்னவில்லை. போனில் ரவிதேஜாவின் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அழிக்கவும் கை வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. நல்லது செய்தவன் ஆயிற்றே என்று ஒரு மனம், செய்தவன் மனுஷனா என்று ஒரு மனம். சரியான கோழைத்தனம், வேறென்ன? அதற்கு நன்றி என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ரவிதேஜாவே வந்தான்.

காலை பத்து மணி. அங்கப்பன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து குளித்திருந்தார். வெள்ளைக் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. ரவிதேஜாவோடு இரண்டு பேர். மூன்று பேரும் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அக்கா நல்லா இருக்கீங்களா, அண்ணன் சுகங்களா என்று விசாரித்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். முன்னறையில்தான் அவள் பட்டறை. பலகையில் முடுக்கிய இரும்பு வைஸ், திருகினால் இறுகும் இடுக்கி, அதில் சாட்டைக் கைப்பிடியைக் கடிக்கவிட்டு, இழுத்துப் பிடித்துப் பின்னுவாள். அதைத் தடவிப் பார்த்து, தொழிலுக்குன்னு எல்லாம் வச்சிருக்கீங்க என்று பாராட்டினான்.

வீடியோவால் ஆர்டர் நிறைய வருவதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம் என்றான். தன் கணக்கிலும் நூறு சாட்டை எழுதிக்கொள்ளச் சொன்னான், மில்லில் தீபாவளிக்கு எல்லோருக்கும் கொடுக்கலாமாம். சாட்டையை வைத்து மில் தொழிலாளி என்ன செய்வான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்புறம், தான் அனுப்பிய படத்தை அழித்துவிடும்படி கேட்டான். போனைத் தன் கையில் கொடுத்தால் தானே அழித்துக்கொள்வதாகவும் சொன்னான்.

சாந்தாமணிக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. நேற்று ரம்ஷாவிடம் சொன்ன பொய்தான் காரணமாக இருக்கும்.

"எதுக்குங்க அழிக்கோணும்? நீங்க ஒண்ணும் பண்ணலீன்னா படம் இருந்தா என்னங்க?"

ரவிதேஜா கோபப்படவில்லை. தலையை ஆட்டினான், அவள் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரி. கூட வந்தவர்களில் ஒருத்தன் கதவைச் சாத்தினான். இன்னொருத்தன் அங்கப்பனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். ரவிதேஜா அவருடைய வலது கையை எடுத்து, மணமகன் கையைப் பிடிப்பவன் போல அவ்வளவு பதமாக, வைஸின் இரண்டு பல்லுக்கும் நடுவில் விரல்களை வைத்தான். வைஸின் கைப்பிடியைச் சுற்றினான். இரும்பு விரல்களைக் கடித்து நின்றது.

"போனுங்க அக்கா."

தெரு முழுக்கத் தறிச் சத்தம். இந்தப் பக்கம் பன்னிரண்டு தறி, அந்தப் பக்கம் பதினாறு. கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அங்கப்பன் கத்தவில்லை. கொடுத்துப்போடு சாந்தா என்று சொன்னார், அவ்வளவுதான். அவள் இடுப்பிலிருந்து போனை உருவிக் கொடுத்துவிட்டாள். ரவிதேஜா இடது கையால் வாங்கினான். வலது கை வைஸின் கைப்பிடியிலேயே இருந்தது.

"குடுத்துட்டேனுங்களே, உடுங்க."

"ஆமாங்க அக்கா, குடுத்துட்டீங்க" என்றான். இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

முதலில் ஒரு சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி. உடனே இன்னொன்று. அங்கப்பனின் வாயிலிருந்து வந்தது மனுஷக் குரலே இல்லை. நகத்தடியிலிருந்து ரத்தம் பீறிட்டு, பலகையில் கிடந்த நீல நூல்கண்டின் மேல் தெறித்தது. அறுந்த இழையைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடும் விரல்கள் அவை. அவள் பாய்ந்து ரவிதேஜாவின் தோளைக் கடித்தாள். அவன் முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான். பல் ஒன்று உடைந்து, நாக்கில் உப்பாக ரத்தம் வந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் கதவைச் சாத்தினவன் மிதித்தான். எழுந்திருக்கப் பார்த்தாள், மறுபடியும் மிதித்தான்.

ரவிதேஜா நிதானமாகப் படத்தைத் தேடி அழித்தான். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலும் தேடி அழித்தான். அப்புறம் அவளைத் தூக்கி உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னான். வீடியோவில் இருப்பது நம்ம சாட்டை இல்லீங்க, தவறுதலாகப் போட்டுவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. எழுத்து எழுத்தாகத் தப்பு வந்தது. அவனே திருத்தி, அவனே தன் குழுவில் போட்டான். கடைசியில் வைஸைத் தளர்த்திவிட்டான். அங்கப்பன் சுவரோரமாகச் சரிந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "வாரேனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

பக்கத்துக் குடோன்காரரின் வண்டியில் அங்கப்பனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவிநாசி ரோடு முழுக்க அவருடைய கையைத் தன் மடியில் துண்டோடு சுற்றி வைத்துக்கொண்டு சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இரண்டாவது சுற்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. போனைக் கொடுத்த பிறகும் சுற்றினான். கொடுத்தால் விடுவான், பேசாமல் இருந்தால் விடுவான் என்றுதானே திங்கட்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்? கொடுத்தாலும் விடமாட்டான் என்றால் பேசாமல் இருப்பதால் என்ன லாபம்? வயிறு வலித்தது, வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டேயிருந்தது. அவளுக்கு இத்தனை கோபம் ஆயுளில் வந்ததில்லை. அதில் பாதி தன் மேலேயே இருந்தது.

மூன்று விரல் நொறுங்கியிருப்பதாகவும், ஒன்றை எடுக்க வேண்டி வரலாம் என்றும் டாக்டர் சொன்னார். அங்கப்பனை உள்ளே கொண்டுபோனதும், அவள் யாரிடமும் சொல்லாமல் மாடியேறி ரம்ஷா சொன்ன வார்டுக்குப் போனாள்.

சிக்கந்தர் குப்புறப் படுத்திருந்தான். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெலிந்த ஒரு பெண் சாம்பல் நிறத் துப்பட்டாவோடு நின்றிருந்தாள், ரம்ஷாவாகத்தான் இருக்க வேண்டும். சுவரோரமாகப் பெண் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் தூக்கம் இல்லாத சோர்வு. சாட்டை பின்னுகிறவள் நான்தான் என்று சாந்தாமணி சொன்னதும் மூன்று பேரும் அவளுடைய உடைந்த வாயைத்தான் முதலில் பார்த்தார்கள்.

யாருக்கு விற்றது என்று தெரியும் என்றாள். சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். படம் ஒன்று இருந்தது, இன்று காலை அழித்துவிட்டார்கள். நீல வெள்ளைச் சாட்டை எத்தனை விற்றாள்? ஒன்பது பத்து இருக்கும். பிறகு வீடியோவில் இருப்பது அவருக்கு விற்ற சாட்டைதான் என்று எதை வைத்துச் சொல்கிறாள்? கேட்டது நியாயமான கேள்விதான்.

சாந்தாமணி கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். கட்டு முழுக்கப் பிரித்திருந்தது. பார்க்க முடியவில்லை. பார்த்தாள். நாலு பிரிப் பின்னலின் வரி ஒவ்வொரு காயத்திலும் அச்சாகப் பதிந்திருந்தது, அவள் போட்ட பின்னல், அவள் இழுத்த இழுப்பு. ஒவ்வொரு கோடும் விலாவில் வந்து முடியும் இடத்தில் சதை குழிக்குழியாகப் பிய்ந்திருந்தது. விரலை மேலே படாமல் நீட்டிக் காட்டினாள்.

"எண்ணிப் பாருங்க அம்மா. அஞ்சு முடிச்சு. ஒண்ணுக்கொண்ணு ரெண்டு வெரக்கடை தூரம். இது எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும். ஊருக்கெல்லாம் நான் ரெண்டுதானுங்க போடுவேன். அஞ்சு போட்டுக் குடுத்தது ஒருத்தருக்கு மட்டுந்தான். சூலூர் ரவிதேஜாவுக்குங்க."

நர்ஸின் கை நின்றுவிட்டது. சிக்கந்தர் தலையணையில் முகத்தைத் திருப்பாமலே, புல்லட்டுங்களா என்று கேட்டான். புல்லட்டுதான் என்றாள் சாந்தாமணி.

ரம்ஷா சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"நேத்து போன்ல தெரியாதுன்னீங்க."

"ஆமாம் கண்ணு."

"அப்ப அந்தப் படம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

ரம்ஷா அறைந்தாள். உடைந்த பல் பக்கமே விழுந்தது. இன்னொன்றும் அறைந்தாள். சப் இன்ஸ்பெக்டர் எழுந்தார், சாந்தாமணி அவரைக் கையமர்த்தினாள். வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நேற்றே சொல்லியிருந்தால் படம் இருந்திருக்கும், அங்கப்பனின் விரலும் இருந்திருக்கும். அந்த இரண்டு அறையும் குறைச்சல் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ரம்ஷாவுக்கு மூச்சு வாங்கியது. உங்க சாட்டைன்னு எங்க பெருமையாப் போட்டீங்களோ அங்கயே இதையும் போடுங்க என்றாள். இவருக்கு இப்படி ஆனதை ஊரே சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறது, பண்ணினவன் யார் என்றும் ஊரே பார்க்கட்டும். முதலில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்மா என்றார் சப் இன்ஸ்பெக்டர். சாந்தாமணி போட்டாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள்.

எழுதுவதற்கு நேரம் ஆகவில்லை. வீடியோவில் இருப்பது நம்ம சாட்டை தானுங்க, பின்னியது நான், வாங்கியது ரவிதேஜா, காலையில் வந்து என் வீட்டுக்காரர் விரலை வைஸில் வைத்து நொறுக்கி, என் சாட்டை இல்லை என்று எழுத வைத்தது அவர்தான், அடி வாங்கியவர் பெயர் சிக்கந்தர், இனி நான் சாட்டை பின்ன மாட்டேன். முதலில் அவனுடைய குழுவிலேயே போட்டாள். ஒரு நிமிஷத்தில் அது காணாமல் போனது, அவளையும் குழுவிலிருந்து தூக்கியாகிவிட்டது. போகட்டும், மீதி முப்பது இருக்கிறதே. மாடித் தோட்டக்காரர்கள், சேலைக்காரர்கள், சமையல்காரர்கள், வாடகைக்கு வீடு தேடுபவர்கள் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். இரண்டு வருஷமாகப் பழகிய கட்டைவிரல். ரம்ஷா மேலே நின்று ஒவ்வொன்றும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாவது குழுவில் இருந்தபோது போன் அடித்தது. திரையில் அவன் பெயர். சாந்தாமணி சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

பெரிய மனுஷர் வீட்டுப் பிள்ளை, வளர்ப்பு அப்படி. எந்த நிலைமையிலும் போனில் பெயர் சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொன்னவன் எந்த ஊர்க்காரனோ, இந்த ஊரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, வணக்கமுங்க. ரவிதேஜா பேசறேனுங்க."

"சொல்லுங்க."

"பதிவைப் பார்த்தேனுங்க. வருத்தமாப் போச்சு. அந்த லாடக்காரனுக்குத் தோலைத்தானுங்க உரிச்சேன், உசுரை உட்டுட்டனல்லங்க. அண்ணனுக்கும் ஒரு கைதானுங்க ஆச்சு. இன்னொரு கை இருக்குதல்லங்க. எல்லாத்தையும் இப்பவே அழிச்சுப்போடுங்க."

எதிர்க் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்திருந்தார். சப் இன்ஸ்பெக்டரின் பேனா வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதுங்களா அக்கா?"

ரம்ஷா குனிந்து, சாந்தாமணியின் கையிலிருந்து போனை வாங்கி வாயருகே வைத்தாள்.

"கேக்குதுங்க. சிக்கந்தர் சம்சாரம் பேசறேனுங்க. கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, போலீஸம்மா எழுதிக்கறாங்க."